அறுநூற்றுப் பன்னிரண்டு பேர்

அந்த மாலில் அவருக்குப் படிக்காரர் என்று பெயர். நகரும் படிகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. சம்பளச் சீட்டில் வேறு ஏதோ நீளமாக அச்சடித்திருப்பார்கள். அதை முழுசாகப் படித்தவள் உலகத்தில் அவர் மனைவி ஒருத்திதான். காலை ஒன்பதரைக்குச் சாவியைப் போட்டுத் திருப்பிப் படிகளை ஓடவிட வேண்டும். சங்கிலியில் முனகல் கேட்டால் மூடியைத் திறந்து எண்ணெய் விட வேண்டும். கைப்பிடி ரப்பரைத் துடைக்க வேண்டும். இந்தக் கடைசி வேலையில் ஒரு சௌகரியம் உண்டு. ஈரத் துணியைக் கைப்பிடிமேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றால் போதும், அது தானே ஓடி ஓடித் துடைத்துக்கொள்ளும். "நின்ன இடத்துல நின்னுக்கிட்டே வீடு துடைக்கிற ஆம்பளை நீங்க ஒருத்தர்தான்" என்று மனைவி கேலி செய்வாள்.

சிரிக்கட்டும். அந்தத் துணிதான் பின்னால் அவர் தலையில் கல்லைப் போட்டது.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் மால் திறந்த புதிதில் இருந்த கூட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும். பொருள் வாங்க வந்தவர்கள் பாதி, படியில் ஏறிப் பார்க்க வந்தவர்கள் பாதி. ஒரு காலை வைத்துவிட்டு மற்றக் காலை எடுக்க மறந்து, பாதி உடம்பு மாடிக்கும் பாதி உடம்பு தரைக்குமாக இழுபட்டவர்களை எல்லாம் படிக்காரர்தான் இடுப்பில் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். "கீழ பாக்காதீங்க, எதிர்ல பாத்து வைங்க!" என்று காலையிலிருந்து கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போகும். வீட்டுக்குப் போனால் பேச்சே வராது. ஆனால் முகத்தில் என்ன பெருமை! ஏதோ அந்த மால் கட்டடத்தையே அவர்தான் கட்டியது போல.

அந்தப் பெருமையில்தான் மச்சானை மாட்டிவிட்டார்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். பயணப் பெட்டிகளும் பைகளும் விற்கிற மனிதர். 'பெட்டிக்கடை' என்று யாராவது சொல்லிவிட்டால் மூக்குக்கு மேல் கோபம் வரும். "பெட்டி விக்கிற கடைங்க, பெட்டிக்கடை இல்ல" என்று திருத்திவிட்டுத்தான் விலையே சொல்வார். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் அவர் பாட்டுக்கு நன்றாக நடத்திக்கொண்டிருந்தார். மழை பெய்தால் ஒழுகும், வாசலில் ஆட்டோ நிற்கும், ஆனால் வியாபாரத்துக்குக் குறைவில்லை. சும்மா இருந்தவரை இவர் ஒற்றைக் காலில் நின்று கிளப்பினார்.

"படியை ஓட்டறது நான், மச்சான். ஜனங்களைக் கொண்டாந்து உங்க கடை வாசல்ல இறக்கிவிடறது என் பொறுப்பு. நீங்க வாயைத் திறந்து விலை சொன்னாப் போதும்."

தங்கை புருஷன் சொல்கிறாரே என்று மச்சான் தெருக்கடையைக் கைமாற்றிவிட்டு மூன்றாம் மாடிக்கு வந்தார். படி மேலே போய் முடிகிற இடத்துக்கு நேர் எதிரே கடை. சொன்னபடியே கூட்டம் வந்து இறங்கியது, இல்லையென்று சொல்ல முடியாது. ஐந்தாறு வருஷம் ராஜா மாதிரி இருந்தார். பள்ளி திறக்கிற மாதம் என்றால் சாப்பிடக்கூட உட்கார முடியாது.

அப்புறம்தான் எல்லாருடைய கையிலும் கடை வந்துவிட்டதே! விரலால் தள்ளினால் நூறு பெட்டி. ஜனங்கள் மாலுக்கு வராமல் இல்லை, வந்தார்கள். மச்சானின் கடையில் பெட்டியை இறக்கச் சொல்வார்கள். ஜிப்பை இழுத்து இழுத்து மூடித் திறப்பார்கள். நடைபாதையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் உருட்டிப் பார்ப்பார்கள். ஒரு புண்ணியவான் தன் மூன்று வயசுப் பிள்ளையைப் பெட்டிக்குள் உட்காரவைத்தே உருட்டினான். கடைசியில் விலைச் சீட்டை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, "யோசிச்சுட்டு வர்றோங்க" என்று கிளம்புவார்கள். யோசித்த ஒருவரும் திரும்பி வந்ததில்லை. நாலாம் நாள் அதே பெட்டி அட்டைக்குள் அவர்கள் வீட்டு வாசலில் போய் இறங்கும்.

வெளியாரைச் சொல்வானேன்? படிக்காரர் வீட்டிலேயே நடந்தது. மகளுக்குப் பள்ளிப் பை வேண்டியிருந்தது. மனைவி செல்போனில் பார்த்தாள். சொந்த அண்ணன் கொடுக்கிற விலையில் பாதிக்குக் கிடந்தது. வாங்கிவிட்டாள். அண்ணன் வருகிறார் என்றால் பையைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவாள். ஒருநாள் சொல்லாமல் வந்துவிட்டார். பை நடுக்கூடத்தில் கிடக்கிறது. மனைவியின் முகத்தில் ஈயாடவில்லை. மச்சான் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தையலைத் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல பைதாம்மா. ஜிப்புதான் மூணு மாசம் தாங்காது. கடைக்குக் குடுத்துவிடு, நல்ல ஜிப் போட்டுத் தர்றேன்."

போட்டும் கொடுத்தார். அன்றைக்குப் படிக்காரருக்குச் சோறு இறங்கவில்லை.

மால் மெல்ல மெல்லக் காலியானது. முதலில் பொம்மைக் கடை போனது, பிறகு கடிகாரக் கடை, பிறகு இரண்டு துணிக்கடைகள். மூன்றாம் மாடியில் பன்னிரண்டு ஷட்டரில் எட்டு கீழே இறங்கிவிட்டன. மீதி நாலு பேரும் ஈ ஓட்டினார்கள்; அதற்கும் ஈ வர வேண்டுமே! சாமான் ஏற்றுகிற லிஃப்ட் கெட்டுப்போய்ப் பத்து மாதமாகச் சரிசெய்யவில்லை. கீழிறங்கும் படியை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. போகிறவர்கள் நடந்து இறங்கிக்கொள்ளட்டுமாம். ஏறுகிற படி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அதற்கும் வந்தது வேளை. மேனேஜர் படிக்காரரைக் கூப்பிட்டு ஒரு சின்னப் பெட்டியைக் காட்டினார். மூன்றாம் மாடிப் படியின் தலைமாட்டில், கைப்பிடி வளைகிற இடத்தில், இடுப்பு உயரத்துக்கு அதைத் திருகி வைத்தார்கள். எதிர்ப்பக்கம் ஒரு சின்னக் கண். நடுவில் ஆள் கடந்தால் ஒன்று ஏறும். எண்ணிக்கை பெட்டியிலும் தெரியும், மேனேஜர் அறைக் கம்ப்யூட்டரிலும் தெரியும்.

"இந்த மாசம் பூரா பாப்போம்" என்றார் மேனேஜர். "தினம் ஐந்நூறு பேராவது ஏறலைன்னா மூணாவது மாடியை மூடிடச் சொல்லிட்டாங்க. படிக்குக் குறுக்க தடுப்பு வெச்சிடலாம். உங்க மச்சானை இப்பவே வேற இடம் பாக்கச் சொல்லுங்க."

வேற இடமாம்! ஐம்பத்தெட்டு வயசில், கையில் இருந்ததை எல்லாம் இந்தக் கடையில் கொட்டிவிட்டு நிற்கிற மனுஷன் எங்கே போவார்? தெருக்கடை இருந்த இடத்தில் இப்போது பார்சல் கம்பெனிக்காரர்கள் மூட்டை பிரிக்கிறார்கள். தடுப்பை வைக்கப் போகிற கையும் படிக்காரரின் கைதான்.

முதல் நாள் எண்ணிக்கை அறுபத்தெட்டு. இரண்டாம் நாள் எழுபத்திரண்டு; அதில் இவர் ஏறியது மட்டும் பதினாறு. மூன்றாம் நாள் மத்தியானம் கைப்பிடி துடைத்துக்கொண்டு நின்றார். ஒரு கையில் துணி கைப்பிடிமேல், இன்னொரு கையில் ஈரம் பிழிந்த துணி. அதை உதறினார். பெட்டியில் எண் மாறியது. இன்னொரு தரம் உதறினார். இன்னொன்று ஏறியது. சுற்றுமுற்றும் பார்த்தார். மச்சான் கடைக்குள் முதுகைக் காட்டிக்கொண்டு பெட்டிகளுக்குத் தூசு தட்டிக்கொண்டிருந்தார்.

அதற்கு மேல் யோசிக்கவா தோன்றும்? உதறினார், உதறினார், தோள்பட்டை வலிக்கிற வரைக்கும் உதறினார்.

திருட்டு என்று அவருக்குத் தோன்றவில்லை. யார் வீட்டுச் சொத்தை எடுத்தார்? துணியை உதறினார், அவ்வளவுதானே. காலையில் நூறு, மத்தியானம் இருநூறு, சாயங்காலம் மீதி என்று பிரித்து வைத்துக்கொண்டார். ஒரேயடியாக ஏற்றினால் சந்தேகம் வரும் என்கிற அளவுக்குக் கெட்டிக்காரத்தனம் இருந்தது. அதற்கு அடுத்த அடியை யோசிக்கிற கெட்டிக்காரத்தனம்தான் இல்லை. மாசக் கடைசியில் ஒருநாள் உற்சாகம் மிஞ்சி அறுநூற்றுப் பன்னிரண்டில் கொண்டுபோய் நிறுத்தினார். அன்றைக்கு அந்த மாடிக்கு நிஜமாக வந்தவர்கள், எண்ணிப் பார்த்தால், ஐம்பத்தொரு பேர்.

மேனேஜருக்குத் தலை கால் புரியவில்லை. மூன்றாம் மாடிக் கடைக்காரர்கள் நாலு பேரையும் கூப்பிட்டு டீ வாங்கிக்கொடுத்து எண்ணிக்கைத் தாளைக் காட்டினார். தடுப்பு வைக்கிற பேச்சே அடங்கிப்போனது. படிக்காரர் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் தனக்குத்தானே சிரித்துக்கொண்டார்.

மறுநாள் மச்சான் கடைக்கு டீ எடுத்துக்கொண்டு போனார். மச்சான் கடையையே புரட்டிப் போட்டிருந்தார். பின்னால் இருந்த பெட்டிகள் முன்னால், முன்னால் இருந்தவை மேலே. நெற்றியெல்லாம் வேர்வை.

"என்ன மச்சான் இது?"

"அறுநூறு பேர் மாப்ள!" என்றார் மச்சான். "தினம் அறுநூறு பேர் இந்த வாசலைத் தாண்டிப் போறாங்க. எனக்குத் தெரியவே இல்லையே! ஒருத்தரும் வர்றதில்ல, ஜனங்க மாறிட்டாங்க, போனுதான் கெடுத்துதுன்னு ஊரையே திட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். வர்றாங்க. என் கடைக்குள்ளதான் வரமாட்டேங்கறாங்க. அப்ப தப்பு எங்க இருக்கு?"

படிக்காரர் வாயில் டீ சுட்டது.

"எங்கிட்டதான் இருக்கு" என்று மச்சானே பதில் சொல்லிக்கொண்டார். "விளக்கு மங்கல். அடுக்கினது சரியில்ல. நான் வேற வாசல்ல உம்முனு உக்காந்திருக்கேன். பாத்தா எவன் வருவான்?"

அன்றிலிருந்து மச்சான் உட்காரவே இல்லை. வாசலில் நின்றார். சட்டையைக் கஞ்சி போட்டுத் தேய்த்துப் போட்டுக்கொண்டார், முடிக்குச் சாயம் பூசினார். காற்றைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார். கண்ணில் பட்ட தலைகள் குறைவாக இருந்தால், தான் உள்ளே திரும்பிய நேரத்தில் மற்றவர்கள் தாண்டிப் போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார்; தன் கண்ணைவிட மேனேஜர் காட்டிய தாளைத்தான் நம்பினார். புதுச் சரக்கு வேண்டும் என்று இருபது பெட்டி வரவழைத்தார். யாரும் இல்லாத நேரத்தில், "வாங்க, உள்ள வந்து பாருங்க, பாக்கறதுக்குக் காசு இல்ல" என்று மெல்லச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்ததைப் படிக்காரர் படியில் நின்று கேட்டார். ஆனாலும் கை துணியை உதறிக்கொண்டுதான் இருந்தது. நிறுத்தினால் மாடியை மூடிவிடுவார்களே!

நாலு மாதம் இப்படி ஓடியது. ஒருநாள் கழுத்துப்பட்டை கட்டிய இரண்டு பேர் வந்தார்கள். மூன்றாம் மாடியை நாடா வைத்து அளந்தார்கள். கூரையை அண்ணாந்து பார்த்தார்கள். சின்னப் பிள்ளைகள் குதித்து விளையாடுகிற இடம் நடத்துகிற கம்பெனியாம். தினம் அறுநூறு பேர் ஏறுகிற மாடி என்று கேள்விப்பட்டு வந்திருக்கிறார்கள். பிடித்துவிட்டது. ஒரு நிபந்தனைதான்: மாடி முழுசாக வேண்டும். இருக்கிற நாலு கடையும் ஒரு மாதத்தில் காலி செய்ய வேண்டும்.

எப்படி இருக்கிறது கதை! மாடியைக் காப்பாற்றிவிட்டார். மச்சானை அதிலிருந்து துரத்தியும் விட்டார்.

படிக்காரர் நேராக மேனேஜர் அறைக்குப் போனார். "சார், அந்த எண்ணிக்கை... அது ஆளு இல்ல சார். நான் துணியை வெச்சு..."

மேனேஜர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்து, பேனாவுக்கு மூடி போட்டார்.

"நீங்க எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. நான் ஒண்ணும் கேக்கல. சரியா?"

"மச்சானை மட்டும் ஒரு ஓரமா..."

"அந்தக் கம்பெனி வரலைன்னா மால் மொத்தத்தையும் மூடிடுவாங்க. உங்க மச்சானும் போவார், நீங்களும் போவீங்க, நானும் போவேன். வந்தா உங்க மச்சான் மட்டும் போவார். எது பரவாயில்ல, நீங்களே சொல்லுங்க."

தலையைச் சொறிந்துகொண்டு வெளியே வந்தார். வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் எழுந்துபோய் அடுப்பை அணைத்தாள்.

"அண்ணங்கிட்ட சொல்லாதீங்க" என்றாள். "சொன்னா கடை திரும்பி வருமா? உறவுதான் போகும்."

"தன் மேலயே பழியைப் போட்டுக்கிட்டு நிக்கறாருடி. கண்ணால பாக்க முடியல."

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

காலி செய்கிற நாள் வந்தது. லிஃப்ட் இல்லை. நூற்றுச் சொச்சம் பெட்டியை எப்படி இறக்குவது? மேனேஜர் பெரிய மனசு பண்ணி, அன்றைக்கு மட்டும் ஏறுகிற படியை இறங்க விட்டுக்கொள்ளச் சொன்னார். படிக்காரர் படியை நிறுத்தினார். யாரும் அதில் நிற்கவில்லை என்று மேலும் கீழும் பார்த்தார். சாவியை மறுபக்கம் திருப்பினார். பதினொரு வருஷமாக மேலேயே போய்க்கொண்டிருந்த படி ஒரு முனகலோடு கீழே ஓட ஆரம்பித்தது.

பெட்டிகள் ஒவ்வொன்றாக இறங்கின. பெரிய பெட்டிக்குள் நடுப் பெட்டி, நடுப் பெட்டிக்குள் சின்னப் பெட்டி என்று மச்சானே அடுக்கியிருந்தார். மேலே இவர் பிடித்துக் கொடுக்க, சாமான் ஏற்ற வந்த வண்டிக்காரர் பெட்டியோடு கூடவே போய் இறக்க, கீழே மனைவி வாங்கி ஓரமாக வைத்தாள். புதிதாக வந்த இருபதும் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இறங்கின. மத்தியானத்துக்குள் கடை வழித்து எடுத்தது போல ஆகிவிட்டது. மச்சான் ஷட்டரை இழுத்துவிட்டு, கைக்குட்டையால் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கடைசிப் பெட்டி ஒன்று காலடியில் நின்றது.

"நீங்க சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டீங்க மாப்ள" என்றார்.

"என்ன மச்சான்?"

"ஜனங்களைக் கொண்டாந்து வாசல்ல இறக்கறேன்னீங்க. இறக்கினீங்க, அறுநூறு பேரை. ஒருத்தரை உள்ள கூப்பிடத் துப்பில்லாமப் போனது நான்தான். முப்பது வருஷம் வியாபாரம் பண்ணினேன்னு வெளிய சொல்லவே வெக்கமா இருக்கு."

அதற்கு மேல் படிக்காரருக்குத் தாங்கவில்லை. மனைவி கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பதுகூட மறந்துபோனது. மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பொய் மச்சான்! எல்லாம் பொய். யாரும் வரல. அறுநூறும் இல்ல, ஐந்நூறும் இல்ல. ஐம்பது பேர் வந்தாலே அதிகம். நான்தான் துணியை உதறி உதறி எண்ணை ஏத்தினேன். மாடியை மூடிடக் கூடாதேன்னு செஞ்சேன். உங்க மேல ஒரு தப்பும் இல்ல மச்சான், சத்தியமா இல்ல!"

மச்சான் அவரையே பார்த்தார். கண்ணோரம் சுருங்கியது. பிறகு, பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக, இவர் கன்னத்தைச் சின்னப் பிள்ளையைத் தட்டுவது போலத் தட்டினார்.

"என்னைத் தேத்தறதுக்காக இப்படி எல்லாம் சொல்லாதீங்க மாப்ள. உங்களுக்குப் பொய் சொல்லவும் வரல."

"பொய் இல்ல மச்சான்! இருங்க, காட்டறேன். இங்க பாருங்க, இப்படித்தான்..."

இடுப்பில் செருகியிருந்த துணியை உருவிக்கொண்டு படியின் தலைமாட்டுக்கு ஓடினார். ஓங்கி உதறினார். அப்போதுதான் பார்த்தார். எண்ணிக்கைப் பெட்டி இல்லை. எதிரே இருந்த கண்ணும் இல்லை. விளையாட்டுக் கம்பெனிக்காரர்கள் தங்கள் சொந்தப் பெட்டியை வைக்கப் போகிறார்கள் என்று காலையிலேயே கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். திருகாணி இருந்த இடத்தில் இரண்டு ஓட்டை மட்டும் இருந்தது. அந்த ஓட்டைக்கு முன்னால் அவர் துணியை இன்னொரு தரம் உதறினார், இன்னொரு தரமும் உதறினார்.

"போதும் மாப்ள" என்றார் மச்சான். "கை வலிக்கப் போகுது. விடுங்க."

கடைசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, எதிரில் பார்த்து, சரியாகக் காலை வைத்துப் படியில் ஏறி நின்றார். இரண்டு படி இறங்கியதும் திரும்பினார்.

"நான் எறங்கிட்டேனான்னு பாத்துட்டு நிறுத்துங்க."

படிக்காரர் சாவியில் கையை வைத்துக்கொண்டு, அவர் இறங்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார்.